கடல் என்று முழங்கினேன்

நன்னிலம் அருகே வாய்க்கால் கரை உடைந்து, எங்கள் வயலில் கணுக்கால் அளவு நீர் தேங்கியது. உள்ளூர் கேபிள் செய்தியாளரிடம், மேடைப் பேச்சாளன் பழக்கத்தில், "வயல் கடலெனக் காட்சியளிக்கிறது" என்று முழங்கினேன். நாளிதழில் அது ஊரைச் சூழ்ந்த வெள்ளமானது. தொலைக்காட்சியில் ஊரே மூழ்கிவிட்டது.

மறுநாள் வருவதாக இருந்த அறுவடை இயந்திரம் வரவில்லை. நீரில் சாய்ந்த முற்றிய நெற்கதிர்கள் இரண்டே நாளில் முளைத்துவிடும். வரப்பில் நிலைகொள்ளாமல் நடந்தபடி இயந்திர ஓட்டுநரைக் கைபேசியில் அழைத்தேன்.

"கணுக்கால் தண்ணிதாண்ணே. சேத்துல ஓடுற செயின் வண்டிதானே, தாராளமா எறங்கும், வாங்க."

"ஊரே முழுகிப்போச்சுன்னு டிவியில சொல்றாங்க. வண்டி மாட்டுனா நீயா தூக்குவே?"

"அந்தச் செய்திய மொதல்ல சொன்னதே நான்தாண்ணே."

"அப்ப ஒன்ன எப்படிடா நம்புறது?"

மேடையில் ஒருபோதும் பதிலுக்குத் தடுமாறாத நான், வயலில் இறங்கி, என் கால்களைப் படமெடுத்து அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டதாக நீலக்குறி காட்டியது. பதில் மட்டும் வரவில்லை.