முளைக்கு அந்தப் பக்கம்

படகுச் சவாரித் தொழிலில் படகை ஓட்டுவது சுலபம், ஏறி உட்கார்ந்தவர்களின் வாய்க்கு ஈடுகொடுப்பதுதான் கஷ்டம்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நாக்கு நீட்டினாற்போல ஒரு மணல்முனை கிடக்கிறது. மூன்று பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு. அதைச் சுற்றிக் காட்டுவதுதான் நாலு வருஷமாக என் பிழைப்பு. அதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் நின்றேன். சூப்பர்வைசர் கைநீட்டிப் பேசினான், நான் கையை நீட்டியே விட்டேன். இனிமேல் அந்த கேட்டை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டு, பழைய ஃபைபர் படகு ஒன்றை பேரம் பேசி வாங்கினேன். அந்தச் சபதம் நிற்பதும் விழுவதும் பூநாரை கையில் இருந்தது. பனிக்காலத்தில் அது வந்தால் ஜனம் வரும், ஜனம் வந்தால் படகு ஓடும். அடுத்தவன் முகம் பார்த்துப் பிழைக்கிற உங்களுக்கு மிச்சத்தைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

கல்லறையில் ஒரு வகுப்பு

படகேறும் முன்னால் ஊருக்குள் இருக்கும் டச்சுக்காரர் கல்லறைகளைக் காட்டுவது வழக்கம். திருநின்றவூரிலிருந்து ஒரு ரிட்டையர்டு வாத்தியார் மனைவியோடு வந்தார். காட்டுகிற இடம் கூடக்கூட கட்டணம் கூடும் என்பதால் ஒரு கல்லையும் விடவில்லை. இவர் கப்பல் கேப்டன், இந்தம்மா காய்ச்சலில் போனது, இவர் மிளகாலும் துணியாலும் கொழுத்தவர் என்று வெயிலில் நிற்க வைத்து அளந்தேன்.

வாத்தியார் ஒரு கல்லின் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இது என்ன எழுத்து என்றார். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அவர் மனைவிதான் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "படிக்கத் தெரியாமயே இவ்ளோ நேரம் சொல்ற, தெரிஞ்சிருந்தா நாங்க ஊடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம்பா."

தரை தட்டியது

முகத்துவாரம் மண் மூடிக்கொண்டே வருகிறது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் ஏரி சேறுதான். பெரியபாளையத்தில் மொட்டை போட்ட கையோடு ஒரு குடும்பம் வந்தது, எல்லார் தலையிலும் சந்தனம். முனையைச் சுற்றும்போது படகு தரை தட்டி நின்றுவிட்டது. எடை குறைந்தால்தான் நகரும். எல்லாரும் இறங்கித் தள்ளுங்கள் என்று என் பழைய கம்பெனிக் குரலில் கத்திவிட்டேன்.

பாவம், இறங்கினார்கள். முழங்கால் சேற்றில் நின்று தள்ளிய பெரியம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "ஆத்தாளுக்கு மொட்டை மட்டுந்தான் வேண்டிக்கினோம் நைனா, படகு தள்றது வேண்டுதல்ல இல்லியே?"

மோட்டார் போன இடம்

முனையின் கோடியில் சேற்றில் ஒரு சவுக்குக் கம்பை முளையாக அடித்திருக்கிறார்கள். அடையாளத்துக்கு அதில் கிழிந்த வலைத் துண்டு. அதைத் தாண்டினால் எந்தப் படகும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றித்தான் போகும். எழுதிவைத்த சட்டம் இல்லை, மீன் பிடிக்கிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டு. அந்தப் பக்கம்தான் பூநாரைகள் அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து மேயும்.

மீஞ்சூரிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பேரம் படியவில்லை. "பறக்கிறதைக் காட்டலைன்னா டப்பே வேணாம்" என்று வாயை விட்டேன். பறவைகள் கண்ணுக்கெட்டிய வரை நின்றன. ஒன்றும் தலைதூக்கவில்லை. அதில் ஒரு சிவப்புச் சட்டைக்காரன், இதெல்லாம் தெர்மாகோல் பொம்மையா என்று கேட்டான். எங்கிருந்துதான் வருமோ அந்தக் கோபம். என் படகில் கழி ஊன்றும் கரீம் பாய் கையைப் பிடித்தும் கேட்காமல், மோட்டாரைக் கிளப்பிக் கூட்டத்தின் நடுவில் விட்டேன். மொத்தமும் ஒரே எழும்பலில் எழும்பியது. வெள்ளையாக நின்றவை இறக்கையைப் பிரித்ததும் வானமே சிவந்துவிட்டது. சிவப்புச் சட்டைக்காரன் போனில் பிடித்துக்கொண்டே கூவினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கரீம் பாய் என் வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். கரைக்கு வந்ததும் கழியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நீ அவங்களுக்குப் பறவையக் காட்டல, பறவைக்கு நம்மளக் காட்டிட்ட."

காலிச் சேறு

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் அதேபோல் பறக்க வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். என்னைப் பார்த்து மற்றப் படகுகளும் வைத்தன. அந்த முளையை யாரும் பிடுங்கவில்லை, பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

இந்த வருஷம் நல்ல மழை. பூநாரையும் வந்தது, ஆனால் ஆந்திரா பக்கத்துத் தண்ணீருக்கு. நம் முனையில் ஒன்றுகூட இறங்கவில்லை. கரீம் பாய் பொன்னேரியில் ஒரு மீன்கடையில் சேர்ந்துவிட்டார். போன வாரம் அதே சிவப்புச் சட்டைக்காரன் வந்தான், வேறு சட்டையில். ஆபரேஷன் முடிந்த அவன் அப்பா, ஆஸ்பத்திரியில் அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்தாராம். நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதமாம், கூடவே கூட்டி வந்திருந்தான். இந்தத் தடவை முளைக்கு இந்தப் பக்கமே மோட்டாரை அணைத்தேன். கழியை நானே ஊன்றினேன். பழக்கமில்லாத உள்ளங்கை கொப்பளித்தது. மத்தியானம் வரை ஊன்றியும் சேறும் நாலு இறகும்தான்.

அவன் அப்பா மடியில் போன் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பார், சேற்றைப் பார்ப்பார். பறக்கிறதைக் காட்டவில்லை, அன்றைக்குப் பேசினபடி காசு வேண்டாம் என்றேன். மகன் சரி என்று தலையாட்டினான். அப்பா அவனைக் கையமர்த்தினார், கோபமே இல்லை அந்த முகத்தில்: "அத்த வுடு. பறக்க வெக்கத் தெரிஞ்சுதே உனுக்கு, எறங்க வெக்கத் தெரியுமா?"

படகை விற்றாயிற்று, திங்கட்கிழமை முதல் அதே கம்பி கம்பெனியில் அதே உலைக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறேன், அங்கே நான் கத்தினாலும் பறந்துபோக ஒன்றும் இல்லை என்பதுதான் ஒரே நிம்மதி.