ஊசியை அசைத்தவர்

எண்பதுகளின் கடைசியில், பிளஸ் டூ பிராக்டிகல் தேர்வு நடத்த ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எங்கள் ராஜபாளையம் பள்ளிக்கு ஒரு டீச்சர் வந்தார். உயரமானவர், சிரிக்கவே மாட்டார். மூக்கு உரசும்படி குனிந்துதான் மீட்டரைப் பார்ப்பார்.

எனக்கு வந்தது கரண்டை அளக்கும் டேஞ்சன்ட் கால்வனாமீட்டர். கரண்ட் விடுவதற்கு முன் அதன் காந்த ஊசி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். எனக்கு முன் அதைச் செய்த இரண்டு பேர் திட்டு வாங்கி, அழுதுகொண்டே வெளியே போயிருந்தார்கள். நான் கவனமாக நிறுத்தினேன். அவர் குனிந்ததும் ஊசி விலகியது.

"ஜீரோ வைக்கக்கூடத் தெரியலையா?"

"வச்சேன் டீச்சர்."

அவர் நிமிர்ந்தார். ஊசி பூஜ்யத்துக்குத் திரும்பியது. மறுபடி குனிந்தார், விலகியது. சட்டென்று தன் தாலிச்சரட்டைப் பிடித்தார். அதில் கொத்தாக இரும்பு ஊக்குகள் தொங்கின.

"ஏட்டி, உன் மேல தப்பில்ல. என் ஊக்கைப் பாத்துல்லா அது ஓடியாருது. செத்த நேரம் இரு, வாரேன்."

ஊக்குகளைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனவர், அழுத இருவரையும் தானே கூட்டிவந்தார். "நாந்தான் கெடுத்தேன். திரும்பச் செய்ங்க" என்றார். சொல்லாமலிருந்தால் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது.

பல வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அவரைத் தேடியிருக்கிறேன். பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றுதான் தெரியவில்லை.