வணங்காமல் போன காலை

நடனக் கலைஞர்கள் குடியிருக்கும் கமிஷிச்சிகென் சந்துகளில் தொமியெ அளவுக்குக் குனிந்து வணங்கியவள் கிடையாது. மீன்காரருக்கு ஒரு வணக்கம், தபால்காரருக்கு ஒரு வணக்கம். ஒரு முறை கோயில் வாசலில் இருந்த கல்விளக்குக்கே இடுப்பு மடிய வணங்கி, "போய்ட்டு வாங்க அக்கா" என்று சொல்லிவிட்டாள். பார்த்த பெண்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் தங்கியிருந்த வீட்டின் தலைவியை எல்லோரும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அம்மா மட்டும், "எம் பொண்ணு கல்லுக்குக்கூட மரியாத குடுப்பா, ஒங்களுக்கு வருமாடி?" என்று விட்டுக்கொடுக்காமல் பேசினாள்.

அது மரியாதை இல்லை, பயம். நாலைந்து அடி தள்ளி நிற்கும் முகம் அவளுக்கு நனைந்த தாளில் விழுந்த மை மாதிரி கலங்கித்தான் தெரியும்.

தாங்கோ கடற்கரையில் பட்டு நெய்கிற வீட்டுப் பெண். நடனம்தான் என்று பிடிவாதம் பிடித்து இங்கே வந்து, தரை துடைத்து, துணி மடித்து, போன இலையுதிர்காலத்தில்தான் மைக்கோவாக, அதாவது பயிலும் நடனப் பெண்ணாக, சபை ஏறினாள். உமெசோனோ என்கிற மூத்த கலைஞரோடு கோப்பை மாற்றி மது அருந்தி, அவருக்குத் தங்கையாகி, அவர் பெயரில் பாதியை வாங்கி 'உமெசாயோ' ஆனாள். அன்றிலிருந்து தங்கை செய்யும் தப்பெல்லாம் அக்கா தலையில். கண்ணாடி போட்ட மைக்கோ எந்த ஊரில் இருக்கிறாள்? கண் விஷயம் தெரிந்தால் ரயிலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. மரச்செருப்பின் ஓசையை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டாள். இழுத்து நடப்பவர் யார், குதிகாலை அழுத்துபவர் யார், எல்லாம் காதுக்குத் தெரியும்.

அன்று காலை பனி கொட்டியிருந்தது. சந்தில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை. நடன வகுப்புக்குப் போகும் வழியில், சுவரோரம் பழுப்பாக ஏதோ அசையாமல் நின்றது. குளிருக்கு வைக்கோல் சுற்றிய மரம் என்று முடிவுகட்டினாள். கல்விளக்கு ஞாபகம் வந்தது. 'இந்தத் தடவை ஏமாற மாட்டேன்' என்று தனக்குள் சொல்லி, சிரித்துக்கொண்டே தாண்டிப் போனாள்.

மரம் இல்லை. பழுப்புப் போர்வைக்குள் நின்றது தானெகிகு. பயிற்சி முடித்துத் தேர்ந்த கலைஞர்களான கெய்கோக்களில் அந்தச் சந்துகளிலேயே மூத்தவர். சின்னப் பெண் வணங்கட்டும் என்று நின்றவரைப் பார்த்து, அந்தச் சின்னப் பெண் சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மதியத்துக்குள் சேதி வீடு வீடாகப் போய்விட்டது. உமெசோனோ தங்கையைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். தானெகிகு வீட்டு நடையில் இருவரும் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கிடந்தார்கள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒன் தங்கச்சிக்கு என்னப் பாத்தா சிரிப்பு வருதாம்மா, உமெசோனோ?"

"நான் வளத்த லட்சணம், அக்கா. தப்பு என்னோடது."

"அப்ப ஒண்ணு கேட்டுக்க. நீ உக்கார்ற விருந்துல இனி நான் உக்கார மாட்டேன்."

அக்காவின் பின்கழுத்து தொமியெயின் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும். அந்தக் கழுத்து நடுங்கியது. இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வைக்கோல் சுத்துன மரம்னு நெனச்சுட்டேன்."

கதவு நகர்ந்தது.

"மரமா?"

"மன்னிச்சிடுங்க."

"எத்தனையோ பேரு என்னென்னவோ சொல்லியிருக்காங்க. மரம்னு இன்னிக்குத்தான் கேக்குறேன்." தானெகிகு குனிந்து அவள் முகத்தையே பார்த்தார். "மேடையில என்னடி பண்ற?"

"பாய் ஓரத்தக் காலால தொட்டுப் பாத்துக்குவேன்."

"உமெசோனோ, இது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது, அக்கா."

மரம் என்ற சொல்லை விட இந்தச் சொல்தான் அந்த நடையில் அசிங்கமாக விழுந்தது. கூடவே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து ஒப்பனை போட்டுவிட்ட அக்காவுக்குத் தெரியவில்லை. "எழுந்து போங்க. இவள வெச்சுக்குறதும் அனுப்புறதும் ஒங்க அம்மா பாடு," என்று தானெகிகு கதவைச் சாத்தினார்.

திரும்பும் வழியில் உமெசோனோ ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கோப்ப மாத்திக் குடிச்சப்ப எம் மூஞ்சியாவது தெரிஞ்சதா?"

"கிட்ட இருந்தீங்க. நல்லாத் தெரிஞ்சது."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

விஷயத்தைக் கேட்ட அம்மா, கல்விளக்கைச் சொல்லி இப்போது பெருமைப்படவில்லை. "பிளம் பூ விழா வரைக்கும் இரு. வெளியாளுங்களுக்கு நீ டீ குடுக்கணும். ஒரு கிண்ணம் சிந்துச்சு, மறுநாளே ரயிலு."

கோயில் தோட்டத்தில் விழா நடந்தது. தொமியெ கிண்ணத்தை ஏந்திக் கிளம்பினாள். எதிரே தெரிந்ததெல்லாம் வண்ணக் கலங்கல். உமெசோனோ தானாகவே முன்னால் வந்து நடந்தார். அவர் நிற்கும் இடத்தில் இவள் நின்றாள், அவர் மண்டியிட்டால் இவளும் மண்டியிட்டாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அம்மா ரயில் பேச்சை எடுக்கவில்லை. அந்த வீட்டில் அதுதான் சம்மதம். மறுநாள், வகுப்பில் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு கண்ணாடி வந்தது.

உமெசோனோ அன்று வழியில் பேசியதோடு சரி, இன்னும் அவளோடு பேசவில்லை. மறுபடி பனி விழுந்த ஒரு காலை, அவர் முன்னே போக இவள் ஓரடி பின்னால் போனாள். திடீரென்று அந்த முதுகு வளைந்தது. யாருக்கென்று கேட்கத் துணியாமல் இவளும் வளைந்தாள். அக்கா நிமிரும் வரை நிமிரவில்லை.