கழிவு வெளியேறும் இடம்

இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சாக்கடை அடைப்பை எடுத்தே கை காய்த்துப்போனவள் பைப்பு அக்கா. பொம்பளை பிளம்பரா என்று மூக்கின் மேல் விரல் வைத்தவர்களே, அடைப்பு என்றால் அவளுக்குத்தான் போன் போட்டார்கள். அவள் தன் மொட்டைமாடியில் மீன் தொட்டி கட்டியபோது ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டாள்: இங்கிருந்து ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. மீன் தண்ணீரைத் தெருவில் விடுகிறாள் என்று புகார் எழுதிப் போட்டுவிட்டார். மறுவாரமே சுகாதார ஆய்வாளர் படிவத்தோடு மாடியேறி வந்தார்.

"கழிவுத் தண்ணி எங்கம்மா போகுது?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. பைப்பைப் பிடிச்சுக்கிட்டே போங்க சார்."

போனார். தொட்டியில் கிளம்பிய பைப் தக்காளிப் பாத்திக்குப் போனது. மீன் கழிவைச் செடிகள் உரமாக உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த தண்ணீர் திரும்பவும் தொட்டியிலேயே வந்து விழுந்தது. காய்கறித் தோலில் வளர்ந்த புழுதான் மீனுக்குத் தீனி. செக்குமாடு மாதிரி மூன்று சுற்றுச் சுற்றிய ஆய்வாளர், புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றார்.

அக்கா ஒரு தக்காளியைப் பறித்துக் கழுவிக் கொடுத்தாள். கடித்துக்கொண்டே அவர் படிவத்தைப் பார்த்தார்.

"'கழிவு வெளியேறும் இடம்'னு ஒரு கட்டம் இருக்கும்மா. காலியா விட்டா மேலதிகாரி திட்டுவார். என்ன எழுதட்டும்?"

மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி அக்கா சத்தமாகச் சொன்னாள்:

"உங்க வாயின்னு எழுதுங்க சார். இப்ப அங்கதான் போய்க்கிட்டிருக்கு."