கொச்சிக்குப் போன படகின் கொம்பாஸ்

"பிலோ, மேல வாங்க. கொம்பாஸ் பிழையாக் காட்டுது" என்று தவராசா கூப்பிட்டபோது, நான் பாய்ப்படகின் உள்ளறையில் வாந்தி எடுத்தபடி ஒரு வாளிக்கு முன்னால் குந்தியிருந்தேன். கடலில் போன முதல் நாள் அது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

எங்கள் வேர்க்ஷொப் கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தை நோக்கி இறங்கும் தெரு ஒன்றில் இருந்தது. கப்பல்களுக்கும் பாய்ப்படகுகளுக்கும் வழிகாட்டும் கருவிகளைத் திருத்திப் பொருத்துவது எங்கள் தொழில். திசை காட்டும் கொம்பாஸ் எல்லாம் தவராசாவின் மேசைக்குப் போகும். கரண்டில் வேலை செய்பவை என் மேசைக்கு வரும்: ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வேகம் காட்டும் லொக், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று காட்டும் விண்ட் மீட்டர். இரண்டு மேசைகளும் பக்கத்தில் பக்கத்தில். அவர் சீட்டியடித்தபடி வேலை செய்வார். நான் அதைக் கேட்டபடி சோல்டர் பண்ணுவேன். அப்படியே வருடங்கள் போயின. நாங்கள் கதைத்ததெல்லாம் வேலைக் கதைதான்.

அவருடைய வீடு வெள்ளவத்தையில் இருந்தது. எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்துபோனது. தாய் தகப்பன் கப்பலேறி யாழ்ப்பாணம் போக, அவர் ஜிந்துப்பிட்டியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பி வந்தார். சீட்டி மட்டும் திரும்பி வரவில்லை.

அடுத்த வருடத் தொடக்கத்தில் நியூசிலாந்துக்காரர் ஒருவர் பாய்ப்படகில் வந்து சேர்ந்தார். வழியில் மின்னல் அடித்து அவருடைய மின்கருவிகள் எல்லாம் கருகியிருந்தன. கூட வந்த ஆளும் கொழும்போடு போதும் என்று பிளேன் ஏறிவிட்டான். கொச்சிவரை படகோட்ட இன்னொரு ஆள் வேண்டும் என்று அவர் கேட்டார். தவராசா பாஸ்போர்ட்டோடு போய் நின்றார்.

"மகள், அவன் போறதெண்டு முடிவெடுத்திட்டான்" என்றார், என்னை மகள் என்றே கூப்பிடும் எங்கள் முதலாளி. "புதுசா வாங்கின சாமான் முழுக்க நீயே போய்ப் பூட்டிக் குடு. கடலுக்கும் ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வா." துறைமுகத்துக்குள் போக எனக்குப் பாஸும் எடுத்துத் தந்தார். அதுவரை கடல் வேலைக்குப் பெண்ணை அனுப்பியதில்லை.

திசையும் காற்றும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பது நியூசிலாந்துக்காரரின் பிடிவாதம். அவர் சொன்னபடி விண்ட் மீட்டரைக் கொம்பாஸுக்குப் பக்கத்திலேயே பொருத்தினேன். ஜெட்டியில் கட்டியிருந்தபோது எல்லாம் சரியாகத்தான் காட்டின. அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போய், படகை ஒவ்வொரு திசைக்கும் திருப்பி, கரையில் தெரிந்த கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெரிய கோயிலின் குவிமாடத்தைக் குறியாக வைத்துத் தவராசா சரிபார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. சில திசைகளில் கொஞ்சம். கொச்சிக்குப் போகும் வடமேற்குத் திசையில் முப்பது பாகைக்கு மேல், வடக்குப் பக்கமாக.

"இதைப் பார்த்து ஓட்டினா மன்னார்ப் பக்கம்தான் போய் நிப்பம்" என்றார் தவராசா.

அந்த நாட்களில் மன்னார்க் கடல் முழுவதும் கடற்படைப் படகுகள். அங்கே வழிதவறி வந்த படகில் ஒரு தமிழ் இளைஞன் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் விண்ட் மீட்டரைப் பார்த்தேன். "இந்த டயலுக்குள்ள முள்ளை அசைக்கிற மக்னட் இருக்கு. அதுதான் கொம்பாஸை இழுக்குது. கழட்டித் தூரத்தில வைக்க வேணும்."

நியூசிலாந்துக்காரருக்கு முகம் கறுத்தது. புதுப் பலகையில் வெட்டிய ஓட்டையைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார். நான் காது கொடுக்கவில்லை. உள்ளறைக் கதவுக்கு அந்தப் பக்கம் இடம் பார்த்து, வேறு ஓட்டை வெட்டி, வயரை நீட்டி இழுத்தேன். படகு இரண்டு பக்கமும் உருண்டது. தவராசா ஒரு கையால் வயர்களைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நான் விழாமல் என் தோளைப் பிடித்திருந்தார். குமட்டல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

"பிலோ" என்றார் மெதுவாக. "கொச்சியில இறங்கினதும் வேலை ஒண்டு தேடுவன். நீங்களும் வருவீங்களோ? இந்தப் போட்டில இல்ல. பிறகு."

"அம்மாவை ஆர் பார்க்கிறது?" என்றேன். அம்மா பாரிசவாதத்தில் விழுந்து, ஒரு பக்கம் இயங்காமல் படுக்கையில் இருந்தார். என்னை விட்டால் அவருக்கு யாரும் இல்லை. அது தவராசாவுக்கும் தெரியும்.

"ஓம்" என்றார். பிறகு கையை நீட்டி, "ஸ்க்ரூவைத் தாங்க, நான் இறுக்கிறன்" என்றார்.

மறுபடியும் எல்லாத் திசைக்கும் திருப்பிப் பார்த்தோம். கொம்பாஸ் சரியாக நின்றது.

படகு புறப்பட்ட காலையில் என் பாஸ் முடிந்திருந்தது. என் மேசைக்கு முன்னால் இருந்து யாருடையதோ ஓர் எக்கோ சவுண்டரைத் திருத்தினேன். பிறகு ஒருநாள் வேர்க்ஷொப்புக்குக் கொச்சியிலிருந்து டெலிபோன் கோல் வந்தது. "நேரா வந்து சேர்ந்திட்டம், பிலோ. கொம்பாஸ் ஒரு பிழையும் விடேல்ல." "விண்ட் மீட்டர்?" என்று கேட்டேன். கேட்பதற்கு வேறு எவ்வளவோ இருந்தன. "அதுவும் நல்லா வேலை செய்யுது" என்றார். லைன் விட்டுப்போனது.

அவர் பிறகு நோர்வேக்குப் போனார். அங்கேயே கலியாணம் முடித்தார். நத்தாருக்கு நத்தார் குடும்பப் படத்தோடு கிறிஸ்மஸ் கார்ட் வரும். அம்மா இன்னும் பல வருடம் இருந்தார். அந்த வருடங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

"இனி கொம்பாஸை ஆர் பார்க்கிறது?" என்று முதலாளி கேட்டபோது, "நான் பார்க்கிறன்" என்றேன். அதைப் படித்துக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை, கடல் சோதனை எல்லாவற்றுக்கும் நான்தான் போனேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஜீபீஎஸ் இருக்கும்போது கொம்பாஸ் எதற்கு என்று கேட்கிறார்கள். மின்னல் அடித்த படகைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்டிப்போட்ட படகில் எல்லாக் கருவியும் ஒழுங்காகத்தான் காட்டும். கடலுக்குக் கொண்டுபோய், எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.

சோதனை முடிந்ததும் படகை உடனே துறைமுகத்துக்குத் திருப்ப நான் விட்டதில்லை. "வடமேற்கே இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்பேன். நான் இன்னும் எதையோ சரிபார்க்கிறேன் என்று நினைத்து, ஓட்டுகிறவர்களும் பேசாமல் போவார்கள்.