ஊசியக்காவின் கார்

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், பச்சை உடம்புக்காரிகள், மாடிப்படி இறங்க முடியாதவர்கள் எல்லாம் காலையில் வெறும் வயிற்றோடு அவள் கார் சத்தத்துக்குக் காத்திருப்பார்கள். நான் நிலையத்தின் முன் மேசையில் உட்காருகிறவள். அவள் கொண்டுவரும் பெட்டியைத் திறந்து, குழாய்களைச் சரிபார்த்து உள்ளே அனுப்புவது என் பொறுப்பு. அந்தச் சில நிமிஷங்களில்தான் அவள் தன் வீட்டுக் கதையைச் சொல்வாள். இதெல்லாம் அப்படித் தவணை தவணையாகக் கேட்டது.

அவள் கை அப்படிப்பட்ட கை. நரம்பே தெரியாத கையைக்கூட விரலால் நீவிப் பார்த்துவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவாள். "எப்பம்மா குத்துவ?" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்பவரிடம், "எடுத்தாச்சுங்க, பஞ்ச அழுத்திப் பிடிங்க" என்பாள். அவள் விடுப்பில் இருக்கும்போது வேறு ஆளை அனுப்பினால் தொலைபேசியில் திட்டு வாங்குவது நான்தான்.

காரை வாங்கும்போதே அது பலர் கை மாறிய வண்டி. அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அவருடைய அலுவலகத்தில்தான் வண்டிக்குக் கடன் கொடுப்பார்கள் என்பதால் அவர் பெயரில் வாங்கினார்கள். கடன் அவர் சம்பளத்தில் பிடிபட்டது. அந்த வருஷங்கள் முழுக்க வாடகையும் சமையல் சாமானும் மருந்துச் செலவும் இவள் சம்பளத்தில் ஓடின. யாருடைய வண்டி என்ற பேச்சு அப்போது எழவில்லை. ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பாத்து, பாத்து" என்று சொல்வதோடு சரி.

வண்டியின் எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடிகள்தான் அவள் உயிரை வாங்கின. அந்தக் காலத்து வண்டி, கையால் சுற்றித்தான் கண்ணாடியை ஏற்ற வேண்டும். ஓட்டுகிறவர் பக்கத்துக் கைப்பிடி உடைந்து, கதவில் ஒரு இரும்புக் குச்சி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பிளையரால் கவ்விச் சுற்றினால் கண்ணாடி பாதி ஏறும். மீதியை இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்து மேலே தள்ள வேண்டும். மறுபக்கத்துக் கண்ணாடி ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதற்கு அட்டையை மடித்துச் செருகி வைத்திருந்தாள். பின்பக்கம் இரண்டும் பிடிவாதக்காரர்கள், அசையவே அசையாது. ஒரு காலையில் இருபது வீடு ஏறி இறங்குகிறவளுக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இந்தக் கூத்து.

ஒரு நாள் அவசரத்தில் கண்ணாடியைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஒரு வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து இருக்கையில் இருந்த பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. குழாய்களில் ஒட்டியிருந்த சீட்டுகளில் மை கலங்கி, எது யாருடைய ரத்தம் என்றே தெரியாமல் போய்விட்டது. அதில் ஒன்று ஒரு கைக்குழந்தையுடையது. மறுபடி போய்க் குத்த வேண்டியதாயிற்று. குழந்தை வீல் வீலென்று அலற, அதன் அம்மா சொல்லியிருக்கிறாள், "உங்க வீட்டுக் குழந்தையா இருந்தா இப்படி ரெண்டு தடவ குத்துவீங்களா?"

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை என்னிடம் சொல்லிவிட்டு, "பாவம், தெரியாமத்தானே சொன்னாங்க" என்று அந்த அம்மாவுக்காக அவளே பரிந்து பேசினாள்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறாள்.

"என்னங்க, இந்தக் கண்ணாடிக்கு மோட்டார் வச்சுக் குடுக்கறாங்களாம். பட்டன அமுக்கினா ஏறுது. ரிமோட்டே இருக்காம். போட்டுக்கலாமா?"

"மழை என்ன வருஷம் பூராவா பெய்யுது? ஒரு துண்டு எடுத்து மூடி வச்சுக்கோ."

அதற்கப்புறமும் அவள் கேட்டாள். வெயில் காலத்தில் கேட்டாள், தோள்பட்டை வலித்தபோது கேட்டாள். அவர் கோபப்படவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்" என்றார். தானே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருக்கலாமே என்று நான் கேட்டேன். "அவர் பேர்ல இருக்கற வண்டி. கேக்காம கை வச்சா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவார். யாரு அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?" என்றாள்.

அப்புறம் ஒரு விடுமுறை நாளில், அவள் கேட்காமலே, அவர் கார் எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு வரவழைத்து வண்டியைக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை அவள் பெட்டியோடு உள்ளே வரவில்லை. வாசலில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "இங்க வா, ஒண்ணு காட்டறேன்." போனேன். காரை விட்டுத் தள்ளி நின்று, கையிலிருந்த சின்னக் கறுப்புக் கட்டையை அமுக்கினாள். 'டிக்' என்று பூட்டு விழுந்தது. நான்கு கண்ணாடிகளும் சேர்ந்து, சத்தமே இல்லாமல் மேலே ஏறி மூடின. இன்னொரு பட்டனை அமுக்கிப் பிடித்தாள், எல்லாம் இறங்கின. மறுபடி ஏற்றினாள்.

"பின்னாடி கண்ணாடியும் வேலை செய்யுது பாத்தியா? நாலு கதவுக்குள்ளயும் மோட்டார் வச்சு, வயரெல்லாம் உள்ளயே கொண்டுபோயிருக்காங்க. ஒண்ணும் வெளிய தெரியல." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "மனுஷன் வாயத் திறக்க மாட்டார். ஆனா மனசுல வச்சிருந்திருக்கார்" என்றாள்.

அந்த நாட்களில் அவளைப் பார்க்க வேண்டும். பெட்டியை மேசையில் வைக்கும்போதே ஏதாவது பாட்டு முணுமுணுப்பாள். போகிற வீடுகளில் குழந்தைகளைக் கூப்பிட்டு ரிமோட்டை அமுக்கச் சொல்வாளாம். ஊசியைப் பார்த்து அழுகிற குழந்தைகள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தன என்றாள்.

சந்தோஷத்துக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. பின்பக்கக் கண்ணாடி ஒன்று பாதியில் நின்று போனது. வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் கடைக்கு எடுத்துப்போனாள். அவர் கதவின் உள்பலகையைக் கழற்றி, லூசாகியிருந்த ஒரு வயரை மாட்டினார். மாட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"நல்லவேளை, இப்பவே கொண்டுவந்தீங்கக்கா. குடுத்த பின்னாடி நின்னு போயிருந்தா அண்ணன் என்னை உண்டு இல்லன்னு பண்ணியிருப்பாரு."

"யாருக்குக் குடுத்த பின்னாடி?"

"அண்ணனோட அக்கா பையனுக்குத்தான். அவருக்குக் குடுக்கற வண்டி, ஒரு கொறை இருக்கக் கூடாது, ரிமோட் ரெண்டு வேணும்னு அண்ணன் சொன்னாரே."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது அவர் முகம் மாறியதிலேயே தெரிந்தது என்றாள் அக்கா. கூலி வாங்காமல் அனுப்பி வைத்திருக்கிறார். அது இவளுக்கு இன்னும் அவமானமாகப் போய்விட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரரை வளர்த்தது அவருடைய அக்காதான். அம்மா போனபின் சமைத்துப் போட்டு, படிக்க வைத்து, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு ஆளாக்கினவள். அந்தக் கடன் அவர் தலைக்கு மேல் எப்போதும் நின்றது. அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை யார் பொருளை எடுத்து அடைப்பது?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்.

"வண்டிய உங்க அக்கா பையனுக்குக் குடுக்கப் போறீங்களா?"

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "புது வேலை கெடச்சிருக்கு அவனுக்கு. தூரம். வண்டி இல்லாம முடியாதுன்னான்."

"நான் எப்படி வேலைக்குப் போவேன்?"

"பஸ் இருக்கு. இல்லன்னா சின்னதா ஒரு ஸ்கூட்டர் பாக்கலாம். உனக்கும் வயசாகுது, எத்தன நாளைக்கு வீடு வீடா ஏறி எறங்குவ?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்னதுதான் அவளை அறுத்துவிட்டது. "நமக்குன்னு யாரு இருக்கா சொல்லு? நாளைக்கு நம்மளத் தூக்கிப் போட அவன்தானே வரணும்."

அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அப்படியே நின்றேன் என்றாள். "எத்தன வருஷமா கண்ணாடி கண்ணாடின்னு கேட்டேன். எனக்கு ஒரு துண்டு போதும்னு அவருக்குத் தோணிச்சு. அவனுக்குக் குடுக்கும்போது மட்டும் கண்ணாடி ஏறாத வண்டியக் குடுக்க மனசு வரல."

வண்டியை எடுக்க வீட்டுக்காரருடைய அக்காவும் அவள் மகனும் வந்தார்கள். அந்த அக்காள் நல்ல மனுஷி. உள்ளே வந்ததும் வராததுமாக இவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் குடுத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னியாமே. தம்பி சொன்னான். கண்ணாடியெல்லாம் மாத்திக் குடுக்கச் சொன்னதும் நீதானாம். கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

இவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் இரண்டு ரிமோட்டுகளையும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஒரு வார்த்தை போதும். இல்லை அண்ணி, எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த அக்காளே மகனை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அப்படிப்பட்டவள்தான். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்கிறவளிடம், உன் தம்பி பொய் சொல்லியிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

"இருக்கட்டும் அண்ணி" என்றாள் ஊசியக்கா.

பையன் வாசலில் நின்று ரிமோட்டை அமுக்கிப் பார்த்தான். "செமையா இருக்கு அத்தை" என்றான். கார் தெரு முனை திரும்பும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே வந்ததும் வீட்டுக்காரர், "நீ அப்படிச் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார்.

ஸ்கூட்டர் வரவில்லை. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சில வாரம் ஓடிப் பார்த்தாள். ரத்தம் நேரத்துக்கு வந்து சேர வேண்டிய பண்டம், பஸ் அதற்காகக் காத்திருக்காது. தூரத்து வீடுகளை ஒவ்வொன்றாக மோட்டார் பைக் வைத்திருந்த வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கடைசியில் முதலாளி அவளைக் கூப்பிட்டு, இனிமேல் உள்ளேயே உட்கார்ந்து எடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. டோக்கன் எண் கூப்பிட்டால் ஆள் உள்ளே வரும், கையை நீட்டும், போகும். ஊசியக்கா பேச்சுக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். சம்பளமும் குறைந்தது. படுக்கையில் கிடந்த ஒரு பெரியவர் மட்டும் ரொம்ப நாள் எனக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தார். "அந்தப் பொண்ணு வரட்டும், அதுவரைக்கும் நான் எடுத்துக்க மாட்டேன்" என்பார். பிறகு அவர் போனும் நின்றுவிட்டது. ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலம் வருமுன் அந்தப் பையன் வண்டியை விற்றுவிட்டான். வேலையில் பெரிய ஆளாகிவிட்டான், பழைய வண்டியில் போய் இறங்கினால் மதிப்பாக இல்லையாம். மாமாவிடம் சொல்லக்கூட இல்லை. அவர் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"வித்துட்டான்" என்றாராம்.

"எனக்கு அத்தனையும் சொல்லணும்னு தோணிச்சு" என்றாள் அக்கா என்னிடம். "நாக்கு நுனி வரைக்கும் வந்திடுச்சு. ஆனா அவரு மூஞ்சியப் பாத்தா அடிபட்ட மாதிரி இருந்தது. அதப் பாத்து ஒரு சந்தோஷமாவது வரும்னு நெனச்சேன். அதுவும் வரல. சாப்பிடறீங்களான்னு கேட்டேன்."

போன மாதம் அவருக்கு மயக்கமாக வந்திருக்கிறது. சர்க்கரை பார்க்கச் சொல்லி வைத்தியர் எழுதிக் கொடுக்க, எங்கள் நிலையத்துக்கே வந்தார். நான்தான் டோக்கன் கொடுத்தேன். முறை வந்ததும் அந்தச் சின்ன அறைக்குள் போனார். கதவு பாதி திறந்திருந்தது.

அவள் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, ரப்பர் பட்டையைக் கட்டினாள். "கைய மூடுங்க" என்றாள். விரலால் நீவினாள். யாருக்கும் செய்வதைப் போலத்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வேற வண்டி ஒண்ணு பாக்கலாமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது. "நல்லதா. எல்லாம் மோட்டார் வச்சே வருது இப்பல்லாம்."

"கையத் திறங்க" என்றாள். ஊசியை உருவி எடுத்தாள். பஞ்சை வைத்தாள். "அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வெளிய உக்காருங்க."

அவர் எழுந்திருக்காமல் அவளையே பார்த்தார். அவள் குழாயில் சீட்டை ஒட்டி அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும், கதவுப் பக்கம் பார்த்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.