மூணாவது பேஸ் நித்யா

இன்னைக்குக் காலையில மர்பி டவுன் மைதானத்துக்கு வெளியே டீ குடிச்சிட்டிருந்தேன். உள்ளே கிரிக்கெட். யாரோ ஓங்கி அடிச்ச பந்து நேரா என் முகத்துக்கு வந்துச்சு. நகரக்கூடத் தோணல.

பக்கத்துல நின்ன பொண்ணு இடது கையை நீட்டிப் பிடிச்சுட்டா. வலது கையில இருந்த டீ ஒரு சொட்டுகூடச் சிந்தல.

டீக்கடைக்காரர் "சக்கத்தும்மா, சூப்பர்!"ன்னு கத்திட்டார்.

"கை வலிக்கலையாம்மா?"ன்னு கேட்டேன்.

"வலிக்குதுக்கா. அங்கே கிளவுஸ் போட்டுப்போம்."

"எங்கே?"

பேரு நித்யா. வீடு ஜோகுபாளையம். வெளிநாட்டுல தொழில்முறை பெண்கள் பேஸ்பால் ஆடுறா. இதுதான் முதல் வருஷம். மாற்று ஆளாத்தான் கூட்டிட்டுப் போனாங்களாம். மூணாவது பேஸ்ல நிக்கறவங்களுக்கு அடிபட்டதும் இவளை இறக்கியிருக்காங்க. பந்து இடி மாதிரி வர்ற இடம் அது. அப்புறம் ஒரு மேட்ச்கூட இவளை வெளியே உட்கார வைக்கல. சீசன் முடிவுல சிறந்த புதுமுகம் இவதான்!

"பயமா இல்லையா?"

"முதல் மேட்ச் முழுக்க, 'சாமி, இந்தப் பக்கம் பந்து வரக் கூடாது'ன்னு வேண்டிக்கிட்டேன்க்கா. நாலாவது மேட்ச்ல பார்த்தா, 'இந்தப் பக்கம் வரணும்'னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"அந்த ஆட்டத்தை எப்படிம்மா ஆடுவாங்க?"ன்னு கேட்டேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பொறுமையா ரூல்ஸ் சொல்லிக்கொடுத்தா. எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன்.

பேஸ்பால் தெரிஞ்சவங்க கமெண்ட்ல வாங்க. அடுத்த சீசன்ல எப்போ கைதட்டணும்னாவது எனக்குத் தெரியணும்.